12 வோல்ட் பேட்டரியில் மூன்று எல்.இ.டி.: கரண்ட் கட்டுப்படுத்தும் போர்டு போட்டும் விடியற்காலையில் வெளிச்சம் குறைகிறது

உப்பனாறு | ஞாயிறு, இரவு 10.20

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் முதுநகரில் ரேடியோ, டி.வி., எமர்ஜென்சி விளக்கு பழுது பார்க்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்த பிறகு எங்கள் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்போதுதான் பழைய யு.பி.எஸ். பேட்டரியில் எல்.இ.டி. விளக்குக் கட்டிக் கொடுக்க ஆரம்பித்தேன். அன்று தொடங்கிய வேலை இன்றுவரை ஓடுகிறது.

இப்போது சிக்கல் என் மச்சான் படகில். ஃபைபர் போட். இரவு கிளம்பி விடிந்த பிறகு கரைக்கு வருவார்கள். அமரத்துப் பக்கம் ஒரு மூங்கிலில் விளக்கைக் கட்டி, அந்த வெளிச்சத்தில்தான் வலையிலிருந்து மீனைக் கழற்றுகிறார்கள். வெளிச்சம் மங்கினால் கையில் எந்த மீன் இருக்கிறது என்று தெரியாது. போன மாதம் ஒரு கெளுத்தி முள் மச்சானின் உள்ளங்கையில் ஏறி, ஒரு வாரம் கை வீங்கிப் படுத்துவிட்டார். அதனால் இதைச் சரியாகச் செய்து தர வேண்டும் என்று நினைக்கிறேன்.

3 வாட் வெள்ளை எல்.இ.டி. மூன்றை வரிசையாக அலுமினியத் தகட்டில் வைத்திருக்கிறேன். 600 மில்லி ஆம்பியர் ஓடும்போது மூன்றுக்கும் சேர்த்துச் சரியாக 10 வோல்ட் நிற்கிறது. பேட்டரி 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர். ஜி.பி.எஸ். கருவியும் வி.எச்.எஃப். வாக்கியும் அதிலேயே ஓடுகின்றன.

முதலில், வோல்ட்டை இறக்கிக் கொடுக்கும் எல்.எம்.2596 போர்டு போட்டேன். கடையில் வோல்ட்டைத் திருகி 600 மில்லி வருமாறு வைத்தேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் 790 காட்டியது. திருகை நான் தொடவே இல்லை. இரண்டு மாதத்தில் ஒரு எல்.இ.டி. கருகிவிட்டது.

அப்புறம் ஆன்லைனில் நாணயம் அளவு வட்டமான போர்டு ஒன்று வாங்கினேன். சிப்பின் மேல் பி.டி.4115 என்று இருக்கிறது. கடையில் 12.6 வோல்ட் கொடுத்தால் 600 மில்லி, ஒரு மணி நேரம் ஆனாலும் அசையவில்லை. அவ்வளவு சந்தோஷம் எனக்கு. ஆனால் படகில் விடியற்காலை மூன்று நான்கு மணிக்கு வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கிவிடுகிறது. கரண்ட்டை மாறாமல் வைப்பதற்குத்தானே இந்தச் சிப்? பின் ஏன் இறங்குகிறது? சிப் போலியா, இல்லை வேறு சிப்புக்குப் போக வேண்டுமா?

---

பண்ருட்டி வயர்மேன் | ஞாயிறு, இரவு 11.05

அண்ணே, எல்.எம்.317 ரெகுலேட்டர் சிப் ஒன்றும் 2 ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் போடுங்கள். 1.25 வோல்ட்டை 2 ஓமால் வகுத்தால் 625 மில்லி. காயில் வேண்டாம், டயோடு வேண்டாம். நான் மோட்டார் சைக்கிள் விளக்குக்கு அப்படித்தான் போடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை.

---

தட்டாஞ்சாவடி | திங்கள், காலை 6.40

வயர்மேன் தம்பி, உங்கள் மோட்டார் சைக்கிளில் எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் இருக்கும், எல்.இ.டி.யும் இரண்டோ என்னவோ. அங்கே 317 நடக்கும். இங்கே நடக்காது. ரெசிஸ்டரில் 1.25 வோல்ட் போகும், 317 தன் உடம்புக்கு என்று இன்னும் ஒன்றரை, இரண்டு வோல்ட் எடுத்துக்கொள்ளும். ஏறக்குறைய 3 வோல்ட் அங்கேயே காலி. 12இல் மூன்று போனால் எல்.இ.டி.க்கு 9தான் மிச்சம், அவருக்குத் தேவை 10.

உப்பனாறு தம்பி, சிப் போலி என்று அதற்குள் முடிவு கட்டாதீர்கள். நான் புதுச்சேரி தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் விளக்குப் பெட்டி செய்யும் ஒரு பட்டறையில் 19 வருடம் இருந்தவன். "கரண்ட் சிப் போட்டும் மங்குகிறது" என்று வந்த விளக்குகளில் சிப் கெட்டிருந்தது குறைவு. வோல்ட் வழியில் எங்கேயோ தொலைந்திருக்கும்.

உங்கள் 4115 வோல்ட்டை இறக்கித் தரும் சிப். பேட்டரி வோல்ட் எல்.இ.டி. வோல்ட்டைவிட அதிகமாக இருக்கும் வரைதான் அதற்கு ஆட்சி. வோல்ட்டை ஏற்றித் தர அதற்குத் தெரியாது. ஆகவே பேட்டரியிலிருந்து எல்.இ.டி. வரைக்கும் எத்தனை இடத்தில் எவ்வளவு விழுகிறது என்று கணக்கு எடுக்க வேண்டும்.

மங்கும் நேரத்தில் அளந்து சொல்லுங்கள். பேட்டரி முனையில் எவ்வளவு, போர்டின் வாசலில் எவ்வளவு, சிப்பின் வி.இன். காலில் (வோல்ட் நுழையும் கால்) எவ்வளவு, எல்.இ.டி. வரிசையின் இரு முனைக்கும் நடுவே எவ்வளவு. முக்கியமாக, வி.இன். காலுக்கும், கரண்ட்டை அளக்கும் சி.எஸ்.என். காலுக்கும் நடுவே ஒரு சின்ன ரெசிஸ்டர் இருக்கும், அதன் மேல் எத்தனை மில்லி வோல்ட் என்று பாருங்கள். அந்தச் சிப் 100 மில்லி வோல்ட்டை அங்கே நிறுத்தத்தான் நாள் முழுக்கப் பாடுபடுகிறது. 100 இருந்தால் சிப் வேலை செய்கிறது. குறைந்தால், சிப் தன் சுவிட்சை அணைக்காமல் முழுசாகப் போட்டு வைத்துவிட்டு வோல்ட் போதாமல் நிற்கிறது என்று பொருள்.

இன்னொன்று. போர்டின் வாசலில் கறுப்பாக நான்கு டயோடு இருக்கின்றனவா? மேலே எம்7 என்று எழுதியிருக்கிறதா?

---

கெடிலம் | திங்கள், காலை 9.15

சின்ன எச்சரிக்கை. மீனை வரவழைக்க எல்.இ.டி. வெளிச்சம் போட்டுப் பிடிப்பதை 2017இல் மத்திய அரசு தடை செய்துவிட்டது. மச்சான் படகு சோதனையில் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

உப்பனாறு | செவ்வாய், காலை 8.30

கெடிலம் அண்ணே, அக்கறைக்கு நன்றி. எங்களுடையது அந்த விளக்கு இல்லை. மொத்தமே 6 வாட், படகுக்கு உள்ளே கீழ்நோக்கி வைத்தது. மீன் கழற்றும் இடத்தைத் தவிர எங்கும் விழாது.

தட்டாஞ்சாவடி ஐயா, நீங்கள் கேட்டபடி அளந்துவிட்டேன். படகு கரைக்கு வந்ததும், பேட்டரியைக் கழற்றாமல், விளக்கு எரியும்போதே எடுத்தது:

பேட்டரி முனை 11.6
போர்டு வாசல் 11.4
சிப் வி.இன். கால் 9.9
எல்.இ.டி. வரிசை 9.6
சின்ன ரெசிஸ்டர் மேல் 70 மில்லி வோல்ட்

ரெசிஸ்டர் ஆர்330 (0.33 ஓம்) இரண்டு ஒன்றன்மேல் ஒன்றாக இணையாக இருக்கிறது. அதாவது 0.165 ஓம். 70ஐ 0.165ஆல் வகுத்தால் 420 மில்லி வருகிறது. 600 ஓட வேண்டிய இடம்.

நான்கு டயோடும் இருக்கின்றன. எம்7தான்.

---

தட்டாஞ்சாவடி | செவ்வாய், காலை 11.50

அளவைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. இப்படி அளந்து எழுதினால் பாதி வேலை முடிந்த மாதிரி.

போர்டு வாசலில் 11.4, சிப்பின் காலில் 9.9. ஒன்றரை வோல்ட்டை அந்த நான்கு டயோடுதான் விழுங்குகிறது. நீங்கள் வாங்கியது எம்.ஆர்.16 பல்புக்குள் போகும் போர்டு. கடைகளின் கூரையில் பதித்திருந்த பழைய ஹாலஜன் விளக்குக்கு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து 12 வோல்ட் ஏ.சி. வரும். அந்த இடத்தில் எல்.இ.டி. பல்பைச் செருகுவதற்காக, ஏ.சி.யை டி.சி. ஆக்கும் இந்த நான்கு டயோடு பிரிட்ஜை வாசலில் வைத்தார்கள். எம்7 என்பது 4007 என்ற சாதா டயோடின் தட்டை வடிவம். ஒரு நேரத்தில் இரண்டு டயோடு வழியாகப் போகிறது, ஒன்றுக்கு முக்கால் வோல்ட். டி.சி. பேட்டரிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, தலைகீழாக மாட்டினால் காப்பாற்றுவதைத் தவிர.

உங்களுக்குத் தேவையானது இவ்வளவு: எல்.இ.டி.க்கு 10, ரெசிஸ்டருக்கு 0.1, சிப்புக்குள் இருக்கும் சுவிட்சுக்கும் காயிலின் கம்பிக்கும் சேர்த்து 0.3 சொச்சம். ஆக வி.இன். காலில் 10.45 இருந்தால் 600 மில்லி நிற்கும். பிரிட்ஜை எடுத்துவிட்டால் 11.6இல் ஒயருக்குக் கால் வோல்ட் போனாலும் 11.3க்கு மேல் வரும். தாராளம். பேட்டரி 10.8க்கு வரும்வரை வெளிச்சம் அசையாது. அதற்குக் கீழே லெட் ஆசிட் பேட்டரியை ஓட்டவே கூடாது, ஆயுள் போய்விடும். இந்தச் சிப் பேட்டரியைப் பற்றிக் கவலைப்படாது, உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சோலார் கன்ட்ரோலர் இருந்தால் விளக்கை அதன் லோடு முனையில் கொடுங்கள், அது வெட்டிவிடும்.

ஆனால் பிரிட்ஜை எடுத்த பிறகு தலைகீழ் பாதுகாப்பு போகிறது. இருட்டில், ஆடுகிற படகில், பேட்டரியை மாற்றி மாட்டுவது நடக்கக்கூடியதுதான். வோல்ட் குறைவாக விழும் ஷாட்கி வகை டயோடு, எஸ்.எஸ்.34, ஒன்றே ஒன்று போட்டால் 0.4க்குள் முடியும். அதைவிட நல்லது, சுவிட்ச் மாதிரி வேலை செய்யும் மூன்று கால் பி-சேனல் மாஸ்ஃபெட். ஐ.ஆர்.எஃப்.9540 எங்கும் கிடைக்கும், கையால் சால்டர் வைக்கலாம். டிரெயின் பேட்டரி பிளஸ்ஸுக்கு, சோர்ஸ் போர்டுக்கு, கேட் ஒரு 10 கிலோ ஓம் வழியாக மைனஸுக்கு. விழுவது 0.1 வோல்ட்தான். டிரெயினும் சோர்ஸும் இடம் மாறிவிட்டால் பாதுகாப்பே இல்லை, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏ.ஓ.3401 போன்ற பொடி மாஸ்ஃபெட்டைப் போடலாம் என்று தோன்றும். அதன் கேட் 12 வோல்ட்தான் தாங்கும், சார்ஜ் ஏறும்போது உங்கள் பேட்டரி 14.4 போகும். வேண்டாம்.

காயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஐந்தாவது டயோடைத் தொடாதீர்கள். அது ஷாட்கி. அது போனால் 4007 போட்டு ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நொடிக்கு லட்சம் தடவை திறந்து மூடும் இடத்தில் 4007க்கு அணையவே நேரம் போதாது. டயோடும் சூடு, சிப்பும் சூடு, கொஞ்ச நாளில் இரண்டும் போகும்.

இப்போது மிக முக்கியமானது, தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள். இந்தச் சுற்றில் எல்.இ.டி.யின் மைனஸ் பேட்டரியின் மைனஸ் இல்லை. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து சின்ன ரெசிஸ்டர், அதிலிருந்து எல்.இ.டி. வரிசை, அதன் பிறகு காயில், கடைசியில்தான் சிப்பின் சுவிட்ச், அப்புறம் மைனஸ். சுவிட்ச் கீழ்ப்பக்கம் இருக்கிறது. வண்டியிலும் படகிலும் வேலை செய்து பழகிய கை, எல்.இ.டி. மைனஸைப் பொதுவான மைனஸ் ஒயரில் முறுக்கிவிடும். அப்படி முறுக்கினால் காயிலும் சிப்பும் வழியிலிருந்தே விலகிவிடும். 12 வோல்ட் நேராக எல்.இ.டி. மேல் ஏறும், சிப்பால் நிறுத்த முடியாது. இரண்டு விளக்குக்கு ஒரே திரும்பும் ஒயர் போடுவதும் கூடாது. ஒவ்வொரு போர்டுக்கும் அதனதன் இரண்டு ஒயர்.

எல்.எம்.2596 ஏன் கருக்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது வோல்ட்டைக் காக்கும் சிப். எல்.இ.டி. சூடாகச் சூடாக அதற்குத் தேவையான வோல்ட் குறையும், ஒன்றுக்கு ஒவ்வொரு டிகிரிக்கும் சில மில்லி வோல்ட். 40 டிகிரி ஏறினால் உங்கள் வரிசையில் 0.3, 0.4 வோல்ட் இறங்கிவிடும். வெளியே வோல்ட் அப்படியே நிற்கும்போது மிச்ச வோல்ட் கரண்ட்டாகத்தான் மாறும். கரண்ட் ஏறினால் இன்னும் சூடு. 790 வந்தது அதனால்தான். 4115 இந்தப் பக்கம் திரும்பியே பார்க்காது, அது கரண்ட்டை மட்டுமே அளக்கிறது.

வேறு சிப் தேவையா என்று கேட்டீர்கள். தேவை இல்லை. 4115 6இலிருந்து 30 வோல்ட் வரை, 1.2 ஆம்பியர் வரை. உங்கள் வேலை அதன் நடுவில் விழுகிறது. ஏ.எல்.8860 என்று ஒன்று இருக்கிறது, 40 வோல்ட் வரை, ஒன்றரை ஆம்பியர். அதுவும் இதே 100 மில்லி வோல்ட், இதே கணக்கு. வீட்டு 230 வோல்ட்டிலிருந்து நேராக என்றால் எச்.வி.9910, வெளி மாஸ்ஃபெட்டோடு. அது வேறு வேலை, உயிருக்கு ஆபத்தானது, இப்போது வேண்டாம்.

ஒன்றை விட்டுவிட்டேன். அதே பேட்டரியில் வி.எச்.எஃப். ஓடுகிறது என்றீர்கள். இந்தச் சிப் வெட்டி வெட்டிக் கொடுப்பதால் நீளமான எல்.இ.டி. ஒயர் ஏரியல் மாதிரி இரைச்சலைப் பரப்பும். 2018இல் அமெரிக்கக் கடலோரக் காவல் படை இதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டது. எல்.இ.டி. விளக்கைப் போட்டதும் வி.எச்.எஃப். காது மந்தமாகிவிடுகிறது என்று. 16ஆம் சேனலில் உதவி கேட்டு ஒருவன் கூப்பிட்டால் உங்கள் மச்சானுக்குக் கேட்க வேண்டும். சோதிப்பது எளிது: விளக்கை அணைத்துவிட்டு, யாரும் பேசாத சேனலில் ஸ்குவெல்ச்சை (வாக்கியில் இரைச்சலை அடக்கும் திருகு) திருகி, இரைச்சல் அடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். அப்புறம் விளக்கைப் போடுங்கள். இரைச்சல் திரும்பி வந்தால் விளக்கு கெடுக்கிறது.

---

பண்ருட்டி வயர்மேன் | செவ்வாய், பிற்பகல் 2.10

ஐயா, 317 விஷயம் புரிந்தது. லாரிக்கு, 24 வோல்ட்டுக்கு, இதே 4115 போடலாமா?

---

தட்டாஞ்சாவடி | செவ்வாய், பிற்பகல் 3.00

ஓடும். நான் போட மாட்டேன். சார்ஜ் ஏறும்போது 28க்கு மேல் நிற்கும், மேல் எல்லை 30. நீளமான ஒயரில் சுவிட்சைப் போடும் கணத்தில் வாசல் கெப்பாசிட்டரில் வோல்ட் துள்ளி அதைத் தாண்டிவிடும். 8860 போடுங்கள், வாசலில் 63 வோல்ட் தாங்கும் 100 மைக்ரோ ஃபாரட் எலெக்ட்ரோலிட்டிக் ஒன்றும் சேருங்கள், துள்ளலை அடக்கும்.

---

உப்பனாறு | சனி, காலை 10.15

ஐயா, நான்கு நாளாக இதே வேலை. நடந்ததை எழுதுகிறேன், இன்னொருவருக்கு உதவும்.

நான்கு எம்7ஐயும் கழற்றி, 9540 வைத்தேன். கடை பவர் சப்ளையில் வோல்ட்டை 12.6இலிருந்து மெதுவாக இறக்கினேன். 11.6இல் 605 மில்லி. 11இல் 604. 10.6இல் 600. அதற்குக் கீழேதான் சரியத் தொடங்கியது. உங்கள் 10.45ஓடு மாஸ்ஃபெட்டில் விழும் 0.1ஐக் கூட்டினால் கிட்டத்தட்ட அதே இடம்.

நீங்கள் இரண்டு தடவை படியுங்கள் என்று சொன்னதை நான் படித்தேன், ஆனால் கூட இருந்து வேலை கற்கும் பையனிடம் சொல்லவில்லை. பெட்டியில் பொருத்தும்போது எல்.இ.டி. மைனஸைப் பழக்கத்தில் பொது மைனஸில் வைத்துவிட்டான். சப்ளை மீட்டர் ஒன்றரை ஆம்பியரைத் தாண்டியது, சிப் மட்டும் ஜில்லென்று இருந்தது. உடனே அணைத்துவிட்டேன், எல்.இ.டி. பிழைத்தது. சிப் சும்மா இருக்க எல்.இ.டி. மட்டும் கொதித்தால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று அவனுக்கும் காட்டிக் கொடுத்தேன். இப்போது எல்.இ.டி. மைனஸுக்கு மஞ்சள் ஒயர்தான் போடுகிறோம், கறுப்பு பேட்டரிக்கு மட்டும்.

வி.எச்.எஃப். சோதனையும் செய்தேன். போர்டைப் பேட்டரிப் பெட்டியில் வைத்து எல்.இ.டி.க்கு 3 மீட்டர் ஒயர் இழுத்திருந்தேன். விளக்கைப் போட்டதும் ஸ்குவெல்ச் திறந்துகொண்டு இரைந்தது. இத்தனை மாதம் மச்சான் அந்த இரைச்சலோடுதான் கடலுக்குப் போய் வந்திருக்கிறார், கேட்டால் "வாக்கி பழசு, அப்படித்தான் இருக்கும்" என்று நினைத்தாராம். எனக்கு நெஞ்சு படபடத்துவிட்டது. போர்டை எல்.இ.டி. தகட்டுக்குப் பின்னாலேயே வைத்தேன். பேட்டரி ஒயர் இரண்டையும் முறுக்கி, பழைய கம்ப்யூட்டர் மானிட்டர் கேபிளில் இருந்த ஃபெரைட் வளையத்தில் இரண்டு சுற்று சுற்றினேன். எல்.இ.டி. வரிசைக்குக் குறுக்கே 1 மைக்ரோ ஃபாரட் வைத்தேன். இப்போது விளக்கு போட்டாலும் அணைத்தாலும் வாக்கி அமைதியாக இருக்கிறது.

உப்புக் காற்றுக்கு போர்டை சிலிக்கானில் மூடலாம் என்று ஒரு டியூப் எடுத்தேன். வினிகர் வாசம் அடித்தது, அது தாமிரத்தை அரிக்கும் வகை என்று தெரியும், வைத்துவிட்டேன். வாசம் இல்லாத நியூட்ரல் வகை வாங்கி மூடியிருக்கிறேன்.

நேற்று இரவு படகில் போனது. இன்று காலை 4 மணிக்கு மச்சான் போன் செய்தார். பேட்டரி 11.5 காட்டுகிறது, விளக்கு கிளம்பும்போது இருந்த மாதிரியே இருக்கிறது என்றார். பின்னால் யாரோ சங்கரா மீன் எண்ணிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

பக்கத்துப் படகுக்காரர் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். பிரிட்ஜ் இல்லாத போர்டாகத் தேடிக்கொண்டிருக்கிறேன், கிடைக்காவிட்டால் சிப்பும் 68 மைக்ரோ ஹென்றி காயிலும் வாங்கி நானே கட்டிவிடுவேன். காயில் எத்தனை ஆம்பியர் தாங்குவதாக எடுக்கட்டும் ஐயா?

---

தட்டாஞ்சாவடி | சனி, மதியம் 12.30

கரண்ட் 600ஐச் சுற்றி மேலும் கீழும் ஆடும், உச்சம் 700 வரை போகும். ஒரு ஆம்பியருக்குக் குறையாமல் எடுங்கள், ஒன்றரை கிடைத்தால் அதுவே. சின்னக் காயில் போட்டால் உச்சத்தில் உள்ளே இருக்கும் இரும்பு காந்தத்தால் நிறைந்து காயில் வெறும் கம்பியாகிவிடும், அந்த அதிர்ச்சி முழுக்கச் சிப்பின் மேல் விழும். மூடிய வகைக் காயிலாக வாங்குங்கள், வாக்கிக்கு இன்னும் நல்லது. பையனையும் உட்கார வைத்து ஒரு போர்டு அவன் கையால் கட்டச் சொல்லுங்கள்.